மின் பாயும் பருத்தி

“ஆள் பாதி ஆடை பாதி” என்பது நம்மவரிடை நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. ஆடை மானங் காத்தது. வெயிலையும் பனியையும் தடுத்தது. அணிந்தார்க்கு அழகும் மதிப்பும் அளித்தது. இவ்வளவோடு அதன் தொழில் முடிந்ததென்றே மாந்தர் எண்ணியிருந்தனர். இந்நூற்றாண்டிலோ, அணிந்தவருடைய நெஞ்சத்துடிப்பை உணர்ந்து அறிவிக்கவும், மின்னைத் தன்னகத்தே சேர்த்து வைக்கவும் வல்ல ஆடையை ஆக்குதல் கூடுமோ என அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் ஒரு கிளை, பருத்தித் துணியை மின்கடத்தியாக்குதல். அஃது எங்ஙனம் இயலும், அதனால் விளையும் நன்மை யாது, அஞ்சவேண்டுவது யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தமிழ் கற்பிப்போர்க்கு இத்துறையில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கி வெளியிட்டார். அத்தகைய மரபு நிலவிய யாழ்ப்பாணத்தில், புதுமைகளைத் தமிழில் விளக்குதல் நமது கடமைகளுள் ஒன்றென்றே கொள்கின்றோம். அன்றியும், இப்புதுமையை அணுகி நோக்குவார்க்கு அதன் உயிர்நிலை நம் முன்னோர் நன்கறிந்த ஒரு தொழிலாகவே தோன்றும். அத்தொழில் சாயந் தோய்த்தல்.

பருத்தி இயல்பாக மின்னைக் கடத்துவதன்று. முற்காலத்து ஆய்வுகூடங்களில் இருந்த செப்புக் கம்பிச் சுருள்களைக் கண்ட பழைய மாணவர்கள், அக்கம்பிகளின் மேல் பருத்தி நூல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்ததை நினைவுகூர்வர். ஒரு கம்பியிற் செல்லும் மின் மற்றதிற் பாயாவண்ணம் தடுக்கும் காவலியாகவே அங்குப் பருத்தி பயன்பட்டது. மின்னுக்கு வேலியாக நின்ற அப்பொருளையே மின்னுக்கு வழியாக்குதல் இன்றைய முயற்சி.

பருத்தியும் மின்னும் சந்தித்த வேறொரு வரலாறும் உண்டு. 1879ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் தோமஸ் எடிசன், பருத்தித் தையல் நூலைக் கரியாக்கி, அதனைக் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழினுள் வைத்து மின்பாய்ச்சினார். அவ்விழை பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஒளிவீசியது. பருத்தி கரியானமையாலேயே மின் அதன் வழிச் சென்றது. ஆயின் கரியான நூல் நூலாக இராது, தொட்டாற் பொடியும். நூலை எரிக்காமல், அதன் மென்மையும் வளைவும் கெடாமல், கரியின் மின்கடத்துந் திறனை மட்டும் அதற்கு ஊட்டுதல் கூடுமோ? இதுவே வினா.

உலோக இழைகளைத் துணியில் நெய்தால் ஆகாதோ எனக் கேட்கலாம். சரிகை நூலில் வெள்ளியும் செம்பும் உண்டாதலின் மின் செல்லும் ஆடை பண்டே இருந்ததெனல் பிழையன்று. எனினும் உலோக இழை கனமும் விறைப்பும் உடையது. பலகால் மடித்தால் முறியும். வியர்வை பட்டாற் கறுக்கும். உடலோடு ஒட்டி நாள்தோறும் உடுத்துவதற்கு அது ஏற்றதன்று. ஆகவே அறிஞர் கரியின் பக்கம் திரும்பினர்.

கரி என்னும் காபன் பல வடிவினது. வைரமும் காபனே, பென்சிலின் நடுவேயுள்ள காரீயமும் காபனே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன் நான்கு கைகளாலும் நான்கு அணுக்களைப் பற்றி நிற்பதால், மின்னைக் கொண்டு செல்லத் தனித்து உலாவும் இலத்திரன் இல்லை. காரீயத்திலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களை மட்டும் பற்றி, தேனடையின் அறைகள் போன்ற அறுகோணத் தகடாகப் பரந்துள்ளது. நான்காவது இலத்திரன் அத்தகட்டின்மேற் கட்டின்றி உலாவும். அதனாலேயே காரீயம் மின்னைக் கடத்துகின்றது. நம் நாட்டிற் போகலை, ககட்டகக முதலிய சுரங்கங்களிற் கிடைக்கும் காரீயம், பாறை வெடிப்புகளில் நரம்புபோல் ஓடிக் கிடப்பது. தூய்மையால் உலகெங்கும் பெயர்பெற்றது.

மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். மென்மையான பென்சிலால் ஒரு தாளிற் குறுகியதும் தடித்ததுமான கோடொன்றைப் பலமுறை அழுத்தி வரைக. 9 வோல்ற்று மின்கலத்தின் ஒரு முனையை அக்கோட்டின் ஒரு தலையிலும், ஒளிகாலும் சிறிய இருவாயி ஒன்றைக் கோட்டின் மறுதலைக்கும் மின்கலத்தின் மற்றை முனைக்கும் இடையிலும் இணைக்க. இருவாயியின் கால்கள் உரிய திசையில் இருப்பின் அது மங்கலாக ஒளிரும். கோடு நீள ஒளி குன்றும். கோடு தடிக்க ஒளி மிகும். தாள் மின்னைக் கடத்தாது. அதன்மேற் படிந்த கரியே கடத்துகின்றது. இச்சிறு சோதனையைத் தெளிந்தவர் இக்கட்டுரையின் பாதியைத் தெளிந்தவராவர்.

இனி, காரீயத்தின் ஒரு தகட்டை மட்டும் தனியே எடுத்துப் பாய் சுருட்டுவதுபோற் சுருட்டி, விளிம்போடு விளிம்பு பொருத்தியதாகக் கற்பனை செய்க. அதுவே காபன் நுண்குழாய். 1991ஆம் ஆண்டு யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வழி இத்தகைய குழாய்களைக் கண்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். அவர் முதலிற் கண்டவை ஒன்றனுள் ஒன்றாகப் பல சுவர்கள் உடையவை. 1993இல் ஒற்றைச்சுவர்க் குழாய்களும் அறியப்பட்டன. ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டம் ஏறக்குறைய ஒரு நனோமீற்றர். அஃதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சங் கூறாக்கின் அவற்றுள் ஒன்று. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இத்தகைய குழாய்கள் பல்லாயிரம் அடங்கும். நீளமோ விட்டத்தினும் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் இருத்தல் கூடும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பனையோலைப் பாயை நேரே சுருட்டுதல் ஒன்று. கோணலாகச் சுருட்டுதல் வேறொன்று. அவ்வாறே காபன் தகடு எக்கோணத்திற் சுருண்டதோ அதற்கேற்பக் குழாயின் இயல்பும் வேறுபடும். சில குழாய்கள் உலோகம்போல் மின்னைக் கடத்துவன, ஏனையவை குறைகடத்திகள். பொருள் ஒன்றே, சுருண்ட வகையாற் குணம் வேறாயிற்று.

இக்குழாய்கள் நமக்கு முற்றும் புதியன அல்ல. தமஸ்கு வாள் எனப் புகழ்பெற்ற வாள்கள், தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கினால் ஆக்கப்பட்டன. அவ்வுருக்கை மேனாட்டார் ‘வூட்ஸ்’ என்பர். அச்சொல் நம் ‘உருக்கு’ என்பதனோடும் கன்னடத்து ‘உக்கு’ என்பதனோடும் இனமுடையதென அறிஞர் கருதுவர். 2006ஆம் ஆண்டில் யேர்மனியின் டிறெஸ்டன் நகர ஆய்வாளர், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வாளொன்றின் சிறு துண்டை அமிலத்திற் கரைத்து நோக்கியபோது, காபன் நுண்குழாய்கள் எஞ்சி நிற்கக் கண்டனர். உலைக்களத்தார் குழாயென ஒன்றிருப்பதை அறிந்திலர். அதனை விளைவிக்கும் கைப்பக்குவத்தை அறிந்திருந்தனர். கைப்பக்குவம் முந்தியது, காரணம் அறிதல் பிந்தியது. இதனை மனத்திற்கொண்டு சாயத் தொழிலுக்கு வருவோம்.

நம் கரவெட்டிக்கு அணித்தேயுள்ள பருத்தித்துறை, தன் பெயரிலேயே பருத்தியைத் தாங்கி நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தின் மணற்பாங்கான நிலங்களிலும் மன்னாரிலும் சாயவேர் என்னும் சிறு செடியின் வேர் தோண்டப்பட்டது. அவ்வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துப் பருத்தித் துணிகளுக்கு ஊட்டினர். வெறுமனே வேரை அவித்த நீரில் துணியை அமிழ்த்தினால் நிறம் நில்லாது. முதல் வெளுப்பிலேயே போய்விடும். ஆதலின் கடுக்காயும் படிகாரமும் கொண்டு துணியை முன்னரே பதப்படுத்தினர். படிகாரம் ஒரு கையாற் பருத்தியையும் மறுகையாற் சாயத்தையும் பற்றிக்கொள்ளும். பின்னர்த் தோய்த்தலும் உலர்த்தலுமாகப் பலமுறை செய்து நிறத்தை ஏற்றினர். சாயத்தைக் கரைத்தல், துணியோடு பிணைத்தல், மீண்டும் மீண்டும் தோய்த்தல், வெளுப்புக்கு நிற்கச் செய்தல் என்னும் நான்குமே சாயத் தொழிலின் மருமங்கள். இந்நான்கும் மின்கடத்தும் துணி ஆக்குவார்க்கும் உரியன.

முதலாவது கரைத்தல். நுண்குழாய்கள் கரும்பொடியாகவே கிடைக்கும். அப்பொடியை நீரில் இட்டாற் கரையாது. குழாய்கள் ஒன்றையொன்று கவர்ந்து கட்டியாகும். எண்ணெய் அழுக்கை நீரோடு இணக்குவது சவர்க்காரமன்றோ? அதே முறையில், சலவைத் தூள்களிற் சேர்வதாகிய ஒரு பொருளை நீரிற் கலந்து, காதுக்குக் கேளாத மிகு அதிர்வுடைய ஒலியலைகளால் அக்கலவையை அசைப்பர். கட்டிகள் உடைந்து குழாய்கள் தனித்தனியே பிரியும். ஒவ்வொன்றையும் சவர்க்காரப் பொருள் போர்த்திருத்தலால் மீளக் கட்டியாகா. இவ்வாறு பெறப்படுவது கருமையான மை.

இரண்டாவது பிணைத்தல். பருத்தி இழை செலுலோசு என்னும் பொருளால் ஆனது. நீரை விரும்பி உறிஞ்சுவது. இழையின் மேற்பரப்பிற் சுருக்கங்களும் பள்ளங்களும் பல. நூலிலோ நூற்றுக்கணக்கான இழைகள் முறுக்குண்டு கிடக்கும். மையில் அமிழ்ந்ததும் அவ்விடைவெளிகளெங்கும் நீர் புகும். நீரோடு குழாய்களும் புகும். உலரும்போது நீர் வெளியேற, வளையுந் தன்மையுள்ள குழாய்கள் இழையைச் சுற்றி நெருங்கிப் படிந்து பற்றிக்கொள்ளும். 2008ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்து நிக்கலஸ் கோட்டவ் குழுவினர், மின்னேற்றமுடைய பல்பகுதியம் ஒன்றையும் குழாய்களோடு சேர்த்துப் பருத்தி நூலுக்கு ஊட்டினர். சாயத்துக்குப் படிகாரம் எப்படியோ, குழாய்களுக்கு அப்பல்பகுதியம் அப்படி எனல் பொருந்தும்.

மூன்றாவது மீண்டும் மீண்டும் தோய்த்தல். ஒருமுறை தோய்த்த நூலிற் குழாய்கள் ஆங்காங்கே கிடக்கும். ஒன்றையொன்று தொடாதன பல. வடமராட்சியின் ஒழுங்கைகளை எண்ணிப் பார்க்க. ஒழுங்கை எத்துணை நேரியதாயினும் பிறிதோர் ஒழுங்கையைச் சந்தியாது முட்டி நின்றுவிடின் வழிச்செல்வோன் திரும்ப வேண்டியதே. சந்திப்புகள் மிகும்போது ஊரின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் பல வழிகள் திறக்கும். குழாய்களும் அவ்வாறே. தொகை ஓர் எல்லையைக் கடந்ததும் தொடர்ச்சியான வழி அமைந்து மின் பாயத் தொடங்கும். பின்னுந் தோய்க்கத் தடை குறையும். குழாயினுள் மின் எளிதிற் செல்லும். குழாயிலிருந்து குழாய்க்குத் தாவும் சந்திகளிலேயே தடை மிகுதி.

மிச்சிக்கன் குழுவினர் ஆக்கிய நூலின் தடை, ஒரு சென்ரிமீற்றருக்கு 20 ஓம் அளவுக்குத் தாழ்ந்தது. மின்னையே கடத்தாதிருந்த பருத்தி நூல், ஒளிகாலும் இருவாயியை ஒளிரச் செய்யும் மின்னைச் சுமந்து சென்றது. நூலின் மென்மையும் கெடவில்லை. அவர்கள் அதனோடு நின்றாரல்லர். குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தை இனங்கண்டு பற்றும் பிறபொருளெதிரியையும் நூலிற் சேர்த்தனர். அப்புரதம் பட்டதும் நூலின் மின்னியல்பு மாறியது. காயமுற்று உணர்விழந்து கிடப்பவரின் ஆடையே குருதி கசிவதை அறிவிக்கும் நாள் வரக்கூடும் என்பது அவர்தம் எண்ணம். 2010இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து யீ சுயி குழுவினர், துணியை மையில் அமிழ்த்தி உலர்த்தும் எளிய முறையாலேயே ஒரு சென்ரிமீற்றருக்கு 125 சீமென்ஸ் கடத்துதிறனுள்ள துணியை ஆக்கி, அதனை மின் சேமிக்கும் கொள்ளளவியாகவும் பயன்படுத்திக் காட்டினர்.

இவ்வெண்ணைச் செம்போடு ஒப்பிட்டு நோக்குதல் நன்று. செம்பின் கடத்துதிறன் இதனினும் ஏறக்குறைய ஐயாயிரம் மடங்கு மிக்கது. ஆகவே இத்துணி வீட்டு மின்கம்பிக்கு மாற்றாகாது. ஆயின் நெஞ்சத்துடிப்பினால் உடலின்மேல் தோன்றும் மின்குறிப்பு மிக மெல்லியது. அதனை ஏந்திச் செல்லச் செப்புக் கம்பியின் வலிமை வேண்டுவதில்லை. உடலை உறுத்தாத மென்மையே வேண்டும். 2021இல் றைஸ் பல்கலைக்கழகத்தார், பருத்தியின்றி நுண்குழாய்களையே முறுக்கிய நூலைச் சட்டையிற் பொறியால் தைத்து, இதயமின் வரைபைப் பெற்றனர். நூல் முழுவதையும் குழாய்களால் ஆக்குதலினும், பருத்திக்கு அவற்றைச் சாயம்போல் ஊட்டுதல் குறைந்த அளவு குழாய்களோடு நிறைவேறும். இதுவே பருத்தி வழியின் சிறப்பு.

இதனாற் பயன்பெறுவோர் யாவர்? கரவெட்டியில் எத்தனை வீடுகளில் முதியோர் இருவர், அல்லது ஒருவரே, தனித்து வாழ்கின்றனர் என்பதை இம்மலரைத் தூரதேசங்களில் இருந்து படிக்கும் பழைய மாணவர்கள் நன்கறிவர். மகன் இலண்டனில், மகள் ரொறன்ரோவில், தாய் ஊரில். இரவில் நெஞ்சு நொந்தால் அயலவர் அறிவதற்கே விடிந்துவிடும். அம்முதியவர் உடுக்கும் சாதாரணப் பருத்திச் சட்டையே அவர்தம் நெஞ்சத்துடிப்பு தடுமாறுவதை மருத்துவமனைக்கு அறிவிக்குமாயின், அது செல்வர்க்குரிய விளையாட்டுப் பொருளன்று, உயிர்காக்கும் துணை. பொத்தானை அமுக்கவும் கருவியைப் பூட்டவும் மறக்கும் முதுமையிலும் சட்டை உடுக்க ஒருவரும் மறப்பதில்லை.

இனி நான்காவது மருமமாகிய வெளுப்புக்கு நிற்றல். குழாய்கள் துணியை வலுவாகப் பற்றியுள்ளன என ஸ்ரான்போட் குழுவினர் அறிவித்தது உண்மையே. எனினும் ஆய்வுகூடத்துச் சோதனை வேறு. கிணற்றடியில் துவைகல்லில் அறைந்து, சவர்க்காரம் இட்டு, சித்திரை வெயிலில் உலர்த்தி, ஆண்டு முழுவதும் உடுத்தல் வேறு. உப்பு நிறைந்த வியர்வையும் ஈரமும் நூலின் தடையை மாற்றும். ஈரம் பட்டாற் தடை மாறுதலை ஈரமானியாகப் பயன்படுத்தலாமாயினும், நெஞ்சத்துடிப்பை அளக்குங்கால் அதுவே இடையூறாகும். சாயக்காரரின் பழைய கவலை இங்கும் தீர்ந்தபாடில்லை.

அதனினும் பெரியது உடல்நலம் பற்றிய கவலை. நீண்டு விறைத்த பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடலினுள் அசுபெசுத்து இழைகளை ஒத்த தீங்கை விளைத்தன என 2008இல் எடின்பரோ ஆய்வாளர் வெளியிட்டனர். 2014இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், அவ்வகைக் குழாய்களுள் ஒன்றை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையிற் சேர்த்தது. எல்லாக் குழாய்களும் ஒரு தன்மையன அல்ல. துணியிற் பிணைந்து கிடப்பதும் பொடியாகப் பறந்து மூச்சோடு உட்செல்வதும் ஒன்றல்ல. உடுப்பவரினும் பொடியைக் கையாளும் தொழிலாளர்க்கே ஆபத்து மிகுதி. அவர்களைக் காவாது இத்தொழிலைத் தொடங்குதல் அறமாகாது.

தோய்த்து எஞ்சிய நீர் எங்குச் செல்லும் என்பதும் எண்ணற்பாலது. தமிழ்நாட்டில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யலாறு கெட்டது; உழவர் நிலமுங் கிணறும் இழந்தனர்; 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரைத் தூய்மையாக்கி மீளப் பயன்படுத்தும் முறைகளோடு தொழில் நடைபெறலாயிற்று. திருப்பூருக்கு ஓர் ஆறாவது இருந்தது. நமக்கோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல் தாங்கி நிற்கும் நிலத்தடி நீரே குடிக்கவும் பயிர்செய்யவும் உளது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே மேலிட்டது கீழிறங்கும். ஆதலின் எந்தப் புதுச்சாயம் நம் மண்ணுக்கு வரினும், நிறம் எவ்வாறு ஏறும் எனக் கேட்குமுன் கழிவு எங்கே போகும் எனக் கேட்டல் வேண்டும்.

இவ்வச்சங்களை எடுத்துரைத்தது மாணவர்களைத் தடுப்பதற்கன்று. அவர்க்குரிய வேலை யாதெனக் காட்டுதற்கே. நம் நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் ஆடை தலையாயது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் உள. அங்கு நம் பெண்கள் பிறர் வகுத்த ஆடையைப் பிறர் கூறிய அளவில் தைக்கின்றனர். தைப்பவர்க்குக் கூலி, வகுத்தவர்க்கு ஊதியம். காரீயத்தின் கதையும் இதுவே. மண்ணிலிருந்து தோண்டி அனுப்பியவர் பெற்றது சிறிது. அதனைப் பிறிதொன்றாக்கியவர் பெற்றது பெரிது. 2008இல் அரசும் தனியாரும் கூட்டாகத் தொடங்கிய இலங்கை நனோதொழினுட்ப நிறுவகம் இந்நிலையை மாற்றும் முயற்சிகளுள் ஒன்று. அத்தகைய இடங்களில் நம் கல்லூரி மாணவரும் இடம்பெறுதல் வேண்டும்.

அதற்கு வேண்டுவது வேதியியல் மட்டுமன்று. மின்னை அறிந்த ஒருவரும், நூலை அறிந்த ஒருவரும், நோயை அறிந்த ஒருவரும், நீரையும் நிலத்தையும் அறிந்த ஒருவரும் ஒன்றுகூடினாலன்றி இவ்வாடை முற்றுப்பெறாது. நம் மாணவர் பலர் வைத்தியராதல், பொறியியலராதல் என்னும் இரண்டையே கல்வியின் பயனாகக் கொள்கின்றனர். சாயப்பானையின் அருகே நின்று, “நிறம் ஏன் நின்றது, ஏன் போயிற்று?” எனக் கேட்கும் அறிவும் கல்வியே. உருக்கு வடித்தோரும் சாயவேர் கொண்டு சிவப்பேற்றியோரும் கைப்பக்குவத்தை விட்டுச்சென்றனர்; காரணத்தை எழுதிவைத்தாரல்லர். கையும் காரணமும் ஒருவரிடத்தே கூடுமாயின், பருத்தியின் பெயர்பூண்ட துறைக்கு அயலேயுள்ள இவ்வூரிலிருந்தும் அந்நூல் நூற்கப்படும். விழாக் காணும் நம் கல்லூரி அத்தகையோரைத் தோற்றுவிக்க என வாழ்த்தி அமைகின்றோம்.